வெட்டப்பட்ட பாயிரம்: பெண் படைப்பும் பதிப்பாளர் கையும்

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் 1887ஆம் ஆண்டுக்குத் தனிச்சிறப்பு உண்டு. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டதும், சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியதும் அவ்வாண்டில்தான். முதுகலை மாணவர் தேர்வுக்காகவேனும் நெட்டுருப் போட்டிருக்கும் செய்தி இது. அதே 1887இல் வேறொரு நூலும் அச்சாயிற்று. தஞ்சையில் பிறந்த நூல். ஆயினும் தெலுங்கு நூல். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (1739–1763) அவையில் விளங்கிய கணிகையர் மரபுக் கவிஞர் முத்துப்பழனி இயற்றிய 'ராதிகா சாந்த்வனம்' அது. சி.பி. பிரௌனுடன் பணியாற்றியவரான பைடிபாடி வேங்கடநரசு அதனைப் பதிப்பித்தார். சிந்தாமணிப் பதிப்பு, சிதைந்தும் சிதறியும் கிடந்த ஏடுகளிலிருந்து முழுமையை நாடிச் சென்றது. ராதிகா சாந்த்வனப் பதிப்போ குறைக்கப்பட்டு வெளிவந்தது. பாடல்கள் சில விடுபட்டன; அவற்றோடு, கவிஞர் தம்மைப் பற்றியும் தம் மரபைப் பற்றியும் கூறிய பாயிரமும் விடுபட்டது.

இக்கட்டுரை அந்த விடுபாட்டைப் பற்றியது. பெண்ணொடுக்குமுறை, பெண் அடையாளம், பெண் படைப்பாற்றல் ஆகியவற்றை நம் தமிழ்த்துறைகள் நெடுங்காலமாகப் பேசி வருகின்றன. பெண்ணியத் தலைப்பு இடம்பெறாத கருத்தரங்கக் கட்டுரைக் கோவை இன்று அரிது. ஆயினும் அப்பேச்சு பெரும்பாலும் கதைமாந்தரைச் சுற்றியே நிகழ்கிறது. நாயகி எங்கே அடங்கினாள், எங்கே மீறினாள் எனக் கணக்கெடுப்பதோடு ஆய்வு முடிந்துவிடுகிறது. ஏட்டிலிருந்து நூலாகவும், நூலிலிருந்து பாடமாகவும் ஒரு படைப்பை மாற்றுகின்ற கைகள், அதாவது நம்முடைய கைகள், ஆய்வுக்கு உட்படுவதில்லை. பெண்ணை எழுதவிடாமல் தடுத்ததைவிட, அவள் எழுதியதை வெட்டியும் ஒதுக்கியும் புனிதமாக்கியும் கையாண்டதே நம் இலக்கிய வரலாறு இழைத்த பெரிய ஒடுக்குமுறை என்பது என் வாதம். இதனை மறுப்போர் உண்டு என்பதை அறிவேன். சான்றோடு மறுக்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.

பாயிரம் போனால் என்ன?

பாயிரத்தின் அருமையைத் தமிழ் கற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, நூலின் பெயர் முதலியவற்றைக் கூறுவது சிறப்புப் பாயிரம் என நன்னூல் வகுக்கிறது. எவ்வளவு விரிந்த நூலாயினும் பாயிரம் இன்றேல் அது நூலன்று என்பதும் அதன் துணிபு. முத்துப்பழனியின் பாயிரம் இவ்விலக்கணத்திற்கு முற்றும் பொருந்துவது. ஆனால் அவர் கூறும் 'வழி' நாம் பழகிய வழியன்று. தம் பாட்டியும் அத்தையும் கவிஞர்கள் என்பதை எடுத்துரைத்து, தம் கவித்துவத்தை அவர்கள் வழிப்பட்டதாக அவர் நிறுவுகிறார். தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குமாக இறங்கிவரும் இலக்கிய மரபில், பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு இறங்கிய படைப்பு மரபு ஒன்றுக்குக் கிடைத்த அரிய அகச்சான்று அது.

வெர்ஜீனியா உல்ப் 1929இல் ஷேக்ஸ்பியருக்கு ஒரு தங்கையைக் கற்பனையில் படைத்தார். தமையனுக்கு இணையான ஆற்றல் இருந்தும் எழுத வழியின்றி அவள் மாண்டுபோவதைக் காட்டினார். நம் ஆய்வேடுகளின் முதல் இயலில் அத்தங்கை தவறாமல் வந்துபோகிறாள். தஞ்சையில் கற்பனைக்கே இடமில்லை. பாட்டி, அத்தை, பெயர்த்தி என ஒரே குடும்பத்தில் பெண்கள் எழுதியதற்குக் கவிஞரே வாக்குமூலம் தந்திருக்கிறார். அந்த வாக்குமூலத்தைத்தான் அச்சு கழித்தது.

சிருங்காரப் பாடல்களை நீக்கியவர் ஒழுக்கத்தைக் காரணம் காட்டக்கூடும். பாயிரத்தை நீக்கியதற்கு அக்காரணமும் செல்லாது. பாட்டியைப் பற்றிய செய்தியில் ஆபாசம் ஏது? பெண்ணின் விருப்பத்தைச் சொல்லும் வரிகளைக் கழிப்பதும், அவ்வரிகளை எழுதியவள் இன்னாள், இன்னாருடைய பெயர்த்தி என்ற செய்தியைக் கழிப்பதும் இங்கே ஒரே கத்தியால் நிகழ்ந்தன. பெண்ணொடுக்குமுறையையும் பெண் அடையாளத்தையும் தனித்தனி இயல்களாகப் பிரித்து எழுதும் நம் வழக்கம் இந்த இடத்தில் பயன்படாது.

பதிப்பாசிரியர் ஒருவர்

வெட்டப்பட்டதைக் கண்டுபிடித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்து, மைசூரில் வடமொழியும் கலைகளும் பயின்று, சென்னையில் புகழ்பெற்று, திருவையாற்றில் மறைந்தவர். எங்கள் நகரத்தின் பெயரைத் தம் பெயரின் முன் இறுதிவரை தாங்கியவர். தஞ்சைக் கால இலக்கியத்தைப் பற்றிய குறிப்பொன்றில் முத்துப்பழனியின் நூல் புகழப்பட்டிருந்ததைக் கண்டு அவர் அதனைத் தேடினார். முதலில் அச்சுநூல் கிடைத்தது. பின்னர்ச் சுவடி கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது விடுபட்டவை தெரியவந்தன. விடுபட்டவற்றைச் சேர்த்து, தெலுங்கில் முன்னுரையும் எழுதி, 1910இல் சென்னை வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு அண்ட் சன்ஸ் வழியாக 584 பாடல்கள் கொண்ட நூலை வெளிக்கொணர்ந்தார்.

சுவடி தேடல், பாடம் ஒப்பிடல், விடுபாட்டை நிரப்பல், பதிப்புரை வரைதல் என்று பதிப்பியல் வகுப்பில் நாம் கற்பிக்கும் யாவும் இம்முயற்சியில் உள்ளன. ஐங்குறுநூறு 1903இல் அச்சேறியது; குறுந்தொகையும் நற்றிணையும் 1915இல் அச்சேறின. அவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் ஒரு பெண் செய்த முறையான பதிப்பு இது. நான் கற்றதும் இன்று கற்பிப்பதுமான பதிப்பு வரலாற்றுப் பாடத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. தெலுங்கு நூல் அல்லவா என்பார்கள். காவிரிக்கரையில் எழுதப்பட்ட, சென்னையில் பதிப்பிக்கப்பட்ட, பழனியின் பெயரைத் தாங்கிய ஒருவரின் நூல். அவரே ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவர். இத்தனைக்குப் பிறகும் அது தமிழ்த்துறைக்கு அயலானதாம். தெலுங்கு இலக்கிய வரலாற்றாசிரியருக்கோ அது நலிவுக்காலத் தென்னக இலக்கியம். கன்னட நாட்டில் பிறந்த பதிப்பாசிரியர் கன்னடத்தில் எழுதாததால் கன்னடத்துறைக்கும் அவர் உரியவரல்லர். மூன்று மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் பெங்களூரில் தமிழ் கற்பிக்கும் எம்மைப் போன்றோர்க்கு இந்தத் துறைச்சுவர்கள் சற்று விந்தையாகவே தோன்றுகின்றன. மொழிவழித் துறைகளாக நாம் பிரிந்து அமர்ந்ததில் எத்தனை பெண் எழுத்துகள் எந்தத் துறைக்கும் உரியன அல்லாமல் போயின என்று எவரேனும் கணக்கெடுத்ததுண்டா?

நாகரத்தினம்மாள் இந்நூலைப் பதிப்பித்ததற்கு இரு காரணங்களைத் தம் முன்னுரையில் கூறுகிறார். இதனை எழுதியவர் பெண் என்பது ஒன்று. தம் மரபிலேயே பிறந்தவர் என்பது மற்றொன்று. பால் அடையாளமும் குல அடையாளமும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நிற்கும் இந்த விளக்கம் 1910இல் எழுதப்பட்டது. பெண் என்ற ஒற்றை அடையாளம் போதாது, சாதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று பிற்காலப் பெண்ணியம் வாதிட்டு நிறுவியதை, ஒரு பதிப்பாசிரியர் தம் தொழிலின் இயல்பான தேவையாகவே உணர்ந்து எழுதியிருக்கிறார். இதற்கு மேலைக் கோட்பாட்டாளர் எவரையும் அவர் மேற்கோள் காட்டவில்லை. காட்டியிருந்தால் நம் கண்ணில் பட்டிருப்பாரோ என்னவோ.

ஆண் பாடினால் மரபு

கந்துகூரி வீரேசலிங்கம் சாதாரணமானவர் அல்லர். 1881இல் இராஜமகேந்திரவரத்தில் கைம்பெண் மறுமணத்தை நடத்திக் காட்டிய சீர்திருத்தச் செம்மல். அவருடைய 'ஆந்திர கவுல சரித்ரமு' முத்துப்பழனியின் கவித்திறத்தை ஓரளவு ஒப்புக்கொண்டது; ஆனால் பெண்ணின் செவியிலேயே விழத்தகாதவை பெண்ணின் வாயிலிருந்து வந்திருக்கின்றன என்ற பொருள்படப் பழித்தது. ஆசிரியர் பிறந்த குலத்தையும் அப்பழிப்புக்குத் துணையாக்கிக்கொண்டது. நாகரத்தினம்மாள் விடுத்த எதிர்வினா இன்றும் விடை பெறாதது. நாணம் பெண்ணுக்கு மட்டும் உரியதா, ஆணுக்கு இல்லையா? வீரேசலிங்கமே பார்வையிட்டு அச்சுக்கு இசைந்த 'வைஜயந்தி விலாசம்' போன்ற நூல்களில் இதனினும் வெளிப்படையான பகுதிகள் இல்லையா? அந்த வைஜயந்தி விலாசம் நம் தொண்டரடிப்பொடியாழ்வார் தேவதேவி என்னும் கணிகையிடம் மயங்கிய கதை என்பதைத் தமிழ் வாசகர் கருத வேண்டும். கணிகையைப் பற்றி ஆண் எழுதலாம். கணிகையே எழுதினால் குற்றம்.

இந்த இரட்டை அளவுகோலைத் தெலுங்குலகின் குறை என்று தள்ளிவிட இயலாது. சிந்தாமணிக்கே வருவோம். துறவியொருவர் இன்பச்சுவையை இவ்வளவு நுட்பமாகப் பாடியது எங்ஙனம் என உடனிருந்தோர் ஐயுற்றனர் என்றும், தேவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையிலேந்தித் தம் தூய்மையை நிறுவினார் என்றும் ஒரு வழக்கு உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அது செய்யும் வேலை தெளிவானது. ஆண் புலவன்மீது எழுந்த ஐயத்தை அது தீர்த்துவைக்கிறது; நூலும் தப்புகிறது, ஆசிரியரும் தப்புகிறார். முத்துப்பழனிக்காக இரும்பு காய்ச்சும் கதையை எவரும் கட்டவில்லை. அவர் குலத்தைச் சொன்னதே தீர்ப்பாகிவிட்டது.

ஆண் எழுதிய பெண்குரல் நமக்குப் புதிதன்று. அகப்பாடல்களில் தலைவியின் குரலையும் தோழியின் குரலையும் ஆண்பாற் புலவர் பலர் பாடினர். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியானார். பதினேழாம் நூற்றாண்டின் க்ஷேத்ரய்யர் நாயகியாக நின்று இயற்றிய பதங்களைப் பாடியும் ஆடியும் காத்தவர்கள் முத்துப்பழனியின் மரபைச் சேர்ந்த பெண்களே. ஆண் கவி இயற்றிய பெண்ணின் ஏக்கத்தைப் பெண் பாடினால் கலை. அதனைப் பெண்ணே இயற்றினால் காவல்துறை. இது மிகைக்கூற்றன்று. அரசு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆட்சேபத்திற்குரியன எனக் குறித்துத் தந்த பகுதிகளின் அடிப்படையில், 1911இல் சென்னைக் காவல்துறை ராதிகா சாந்த்வனத்தின் பிரதிகளைக் கைப்பற்றியது, நூல் தடைக்குள்ளானது. பண்டிதர் பலர் விடுத்த வேண்டுகோளும் பயன்தரவில்லை. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது முயற்சி கைகூடி, 1947இல் தடை விலகியது. 1991இல் வெளிவந்த இந்தியப் பெண்ணெழுத்துத் தொகுப்பின் ஆசிரியர்கள் சூசி தாரு, கே. லலிதா ஆகியோர், தடை விலகிப் பல்லாண்டு கழிந்தும் நூலைத் தேடிப் பெறுவது அரிதாயிருந்ததையும், அதனை இழித்துரைத்தோர் பலர் நூலைப் படித்தவரல்லர் என்பதையும் பதிவு செய்துள்ளனர். சட்டத்தின் தடை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. படிப்பாளிகளின் தடைக்குக் காலவரையறை இல்லை.

இத்தனைக்கும் நூலின் பொருள் கண்ணனும் ராதையும்தான். தான் வளர்த்த இளாதேவியைக் கண்ணனுக்கு மணமுடித்து அனுப்பும் ராதை, பின்னர்ப் பொறாமையால் வெதும்புகிறாள். கண்ணன் அவளை ஆற்றுவிக்கிறான். ஆற்றாமையும் ஊடலும் ஊடல் தீர்த்தலும் மருதத்திணை பயின்றோர்க்கு அயலான பொருளா? ஜயதேவரின் கீதகோவிந்தம் கோயிலில் ஒலிக்கிறது. தெய்வத்தைப் பாடியதால் ஜயதேவர் தப்பினார் என்றால், அதே தெய்வத்தைப் பாடிய முத்துப்பழனி ஏன் தப்பவில்லை என்ற வினாவுக்கு நூலுக்குள் விடையில்லை. நூலாசிரியரின் பாலிலும் பிறப்பிலும்தான் விடையுள்ளது. ஆகவே, இலக்கியத்தில் ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை, தரம் ஒன்றே அளவுகோல் என்று கருத்தரங்குதோறும் எழுந்து சொல்லும் பெரியோர், அந்தத் தராசு யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ் மரபு பெண் படைப்பாளிகளை ஏற்றதில்லையா என்று கேட்கலாம். ஏற்றது, விலை பெற்றுக்கொண்டு ஏற்றது. சங்க ஔவை அதியமானோடு கள்ளும் சொல்லும் பகிர்ந்த ஒருத்தி. பிற்கால மரபு அவரைக் கோலூன்றிய மூதாட்டியாக்கி, இளமையையே வேண்டாமென்று வரம் பெற்றவராகக் கதை கட்டியது. 1953இன் திரைப்படம் அக்கோலத்தை வீடுதோறும் நிலைநிறுத்தியது. காரைக்காலம்மையார் தசை நீத்துப் பேயுருக் கொண்டார். ஆண்டாள் அரங்கனோடு கலந்தார். கன்னடத்தில் அக்கமகாதேவி ஆடை துறந்தும் வணங்கப்படுவது, அவ்வுடல் சென்னமல்லிகார்ஜுனனுக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளப்படுவதனாலேயே. ஒப்படைத்த பிறகும் தணிக்கை ஓயவில்லை. மார்கழியில் திருப்பாவை முப்பதும் எங்கும் ஒலிக்கின்றன. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களுள் மணவீடுகளில் ஓதப்படும் வாரணமாயிரத்தைத் தவிர ஏனையவற்றை எத்தனை வகுப்பறைகளில் நடத்துகிறோம்? பெரியவாச்சான் பிள்ளை கூசாமல் வரிவரியாக உரை வரைந்த பகுதிகளை, அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட நாம் 'மாணவிகள் இருக்கிறார்கள்' என்று சொல்லித் தாண்டிச் செல்கிறோம்.

அட்டவணைப் பெண்ணியம்

இங்கே நம் பெண்ணிய ஆய்வுகளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும், கசப்பாக இருப்பினும். மிதவாதப் பெண்ணியம், மார்க்சியப் பெண்ணியம், தீவிரப் பெண்ணியம், சூழலியல் பெண்ணியம் என்று முதல் இயலில் ஓர் அட்டவணை. சிமோன் த பொவார் 1949இல் சொன்னது ஒரு பத்தி. எலேன் ஷோவால்டரின் மூன்று கட்டங்கள் ஒரு பத்தி. எலேன் சீக்ஸு 1975இல் முன்வைத்த உடலெழுத்து ஒரு பத்தி. அடுத்த இயலிலிருந்து அவற்றைத் தமிழ் நாவல்மீது 'பொருத்திப் பார்த்தல்'. பொருந்தாத இடம் ஒன்றேனும் அகப்பட்டதாக எந்த ஆய்வேடும் கூறுவதில்லை. கோட்பாடுகள்மீது எனக்குப் பகையில்லை. ஷோவால்டர் விரும்பியதே பெண்களின் சொந்த இலக்கிய மரபைத் தோண்டியெடுக்கும் உழைப்பைத்தான். அந்த உழைப்பை விட்டுவிட்டு அதன் முடிவுகளை மட்டும் இறக்குமதி செய்துகொண்டது நம் குறை. அம்பை 1984இல் தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1988இல் மும்பையில் பெண்கள் பற்றிய ஆவணங்களுக்கான ஸ்பாரோ காப்பகத்தை நிறுவினார். ஓர் எழுத்தாளர் துறைகளுக்கு வெளியே நின்று செய்த அவ்வேலையைச் செய்ய, ஊதியமும் நூலகமும் பெற்ற நாம் கடமைப்பட்டிருக்கவில்லையா?

'பெண்மொழி' என்ற சொல்லும் இவ்வாறே தேய்ந்துவிட்டது. பெண் தன் உடலைப் பற்றி எழுதினால் அது பெண்மொழி என்ற சுருக்கம், எதிர்ப்போருக்கும் ஆதரிப்போருக்கும் ஒருங்கே வசதியாக அமைந்தது. குட்டி ரேவதியின் 'முலைகள்' (2002) வெளிவந்ததை ஒட்டி எழுந்த கூச்சலில் மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணி ஆகியோரும் சேர்த்துத் தாக்கப்பட்டனர். தாக்கியோர் தலைப்பைத் தாண்டிப் படிக்கவில்லை. தாங்கிப் பேசிய ஆய்வாளர்களில் பலரும் உடற்சொற்களைப் பட்டியலிட்டதற்கு மேல் செல்லவில்லை. மாலதி மைத்ரியின் 'சங்கராபரணி'யில் நிலமும் நீரும் என்ன செய்கின்றன, சுகிர்தராணியின் கவிதையில் சாதியும் உடலும் எங்ஙனம் ஒன்றையொன்று எழுதுகின்றன என்ற வினாக்கள் அந்தப் பட்டியல்களில் எழவே இல்லை. 1911இல் அரசு மொழிபெயர்ப்பாளர் செய்ததும் பட்டியலிடுதலே என்பதை நினைவூட்டுவது பொருந்தும்.

பக்தையாக்கப்பட்டவர்

நாகரத்தினம்மாளை அப்பழுக்கற்ற பெண்ணிய முன்னோடியாக நிறுத்துவதும் என் நோக்கமன்று. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தபோது, எதிர்த்து நின்ற தேவதாசிச் சங்கத்தினருள் நாகரத்தினம்மாள் முதன்மையானவர். சட்டத்தை ஆதரித்தவர்களும் அதே மரபின் மகளிரே. முத்துலட்சுமியின் தாய் அம்மரபினர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அவ்வாழ்வின் இழிவை உள்ளிருந்து கண்டவர். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவலாக அதை எழுதியவர். சிறுமியரைக் கேட்காமலே கோயிலுக்கு அர்ப்பணித்த வழக்கம் ஒழிந்தது நன்று. இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் ஒழிப்புக்குத் துணைநின்ற வாதங்களுள் 'தூய்மை' என்ற வாதம் வீரேசலிங்கத்தின் அளவுகோலே. வழக்கத்தோடு சேர்த்து அம்மரபுப் பெண்களின் கல்வி, சொத்துரிமை, கவித்துவம் ஆகியவையும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியவையாயின. ராதிகா சாந்த்வனம் விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டே தேவதாசி ஒழிப்புச் சட்டமும் பிறந்தது. நூல் வெளியே வந்தபோது, அதனைத் தன் முன்னோர் சொத்து என்று உரிமையோடு சொல்லக்கூடிய தலைமுறை அப்பெயரையே மறக்க விரும்பியது. இராமாமிர்தம் அம்மையாரும் நாகரத்தினம்மாளும் எதிரெதிர் அணியினர் என்பதால் ஒருவரைப் படித்தால் மற்றவரை விட்டுவிட வேண்டியதில்லை. அவ்விருவரையும் ஒரே தாளில் வைத்துக் கற்பிக்கும் துணிவு நமக்கு வேண்டும்.

இன்று நாகரத்தினம்மாள் எதற்காக நினைக்கப்படுகிறார்? திருவையாற்றில் தியாகராஜரின் சமாதியைப் புதுக்கி எழுப்பிய பக்தையாக. அதுவும் உண்மையே, தம் பொருள் முழுவதையும் அவர் அதற்கு ஈந்தார். அங்கும் ஆராதனையில் பெண்கள் பாட இரு கட்சியினரும் இடம்தராதபோது, 1920களின் பிற்பகுதியில் மகளிரைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றாயின. பெண்களுக்கும் அங்கே பாட இடம் கிடைத்தது. ஆயினும் நம் நினைவில் கட்சி கட்டிய பெண் மங்கி, கைகூப்பிய பெண்ணே எஞ்சினார். 2007இல் வி. ஸ்ரீராம் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பின்னரே அவருடைய முழு உருவம் பரவலாகத் தெரிந்தது. மூதாட்டியாதல், பேயாதல், தெய்வமாதல் என்ற வரிசையில் நான்காவதாகப் பக்தையாதலையும் சேர்த்துக்கொள்ளலாம். முத்துப்பழனி இந்நான்கு வாயில்களில் எதனுள்ளும் நுழையவில்லை. அதனால் வெளியிலேயே நிற்கிறார்.

நம் கைகள்

இவை பழங்கதை என்போருக்கு ஓர் அண்மைச் செய்தி. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையும், பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளும் நீக்கப்பட்டன. கல்விப் பேரவை உறுப்பினர் பதினைவர் எதிர்ப்பைப் பதிவு செய்தனர்; நீக்கம் நின்றது. நீக்கப்பட்டோருள் இருவர் தமிழர், இருவரும் தலித் பெண்கள். நீக்கியது காவல்துறையன்று, கல்வியாளர் குழு. தமிழ்த்துறைகளிலிருந்தும் எதிர்ப்புக் குரல் எழுந்தது, எழத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டில் நிகழும் நீக்கத்தைக் கண்டிக்கும் நாம், நம் பாடத்திட்டக் குழுக்களில் எவை சேர்க்கப்படாமலே போகின்றன என்று பேசுவதில்லை. சேர்த்துப் பின்னர் நீக்கினால் செய்தியாகிறது. சேர்க்காமலே விட்டால் செய்தியும் இல்லை, சான்றும் இல்லை. 'இது வேண்டாமே, பெற்றோர் கேட்பார்கள்' என்று ஒருவர் மெல்லச் சொல்ல, மற்றவர் தலையசைக்க, தேநீர் வருவதற்குள் ஒரு கவிஞர் காணாமற் போய்விடுகிறார்.

வேங்கடநரசு எதனை வெட்டினார் என்பதை நாகரத்தினம்மாள் கண்டறிந்தது சுவடி எஞ்சியிருந்ததனால். ஏன் வெட்டினார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. நூற்று நாற்பது ஆண்டுகளாகியும் நம் குழுக்களின் வழக்கம் அதே நிலையில்தான் இருக்கிறது. பெருந்திட்டம் எதனையும் நான் முன்மொழியவில்லை. ஒரு பாடத்திட்டக் குழுவோ தொகுப்பாசிரியரோ ஒரு பாடலை, கதையை, பாசுரத்தை விலக்கும்போது, விலக்கப்பட்டதன் பெயர், விலக்கியவர் பெயர், விலக்கியதற்கான காரணம் ஆகிய மூன்றும் கூட்டக் குறிப்பேட்டிலோ பதிப்புரையிலோ எழுதப்பட வேண்டும். பெண் எழுத்து, ஆண் எழுத்து என்ற வேறுபாடின்றி எல்லா நூலுக்கும் இது பொருந்தட்டும். காரணம் நேரியதாயின் எழுதுவதில் தயக்கம் இராது. முத்துப்பழனியின் பகுதி ஏதேனும் ஒப்பிலக்கியத் தாளில் இடம்பெறும் நாள் வருமாயின், முதலில் வைக்க வேண்டியது ராதையின் ஊடலன்று. பாட்டியையும் அத்தையையும் சொல்லும் அந்தப் பாயிரம்.